கம்பெனி பள்ளிக்கூடத்துக்கு வரும்போது: வாசகர் கேள்வி – பதில்

டெல்டா மாவட்டங்களின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இருபத்தொன்பது ஆண்டுகள் எலக்ட்ரீஷியன் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது நீடாமங்கலத்தில் வசிப்பவர், வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மின்சக்தி, எரிசக்தி நிறுவனங்கள் பள்ளிகளோடு சேர்ந்து மாணவர்களைத் தயார்செய்வதைப் பற்றியவை.

கேள்வி: அம்மா, நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். சூரிய மின்சக்தி நிறுவனம் ஒன்று எங்கள் மாணவர்களை ‘நாளைய எரிசக்தித் துறைக்குத் தயார்செய்ய’ புரிந்துணர்வு ஒப்பந்தம் போட வருகிறது. விழாவுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் என்ன கேட்க வேண்டும்?
– தலைமையாசிரியர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஐயா, விழாவுக்கு முன்னாலேயே இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியதற்கு என் வணக்கம். என்னிடம் இதைக் கேட்க அன்றைக்கு யாரும் இல்லை; எனக்கும் தோன்றவில்லை.

நான் பணியாற்றிய ஒரு நிலையத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனி வந்தது. பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு சோலார் பேனல், ஓர் இன்வெர்ட்டர், நான்கு பாட்டரி, வரிசையாக விளக்குகள். ரிப்பன் வெட்டினார்கள். படம் எடுத்தார்கள். பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். எட்டாம் மாதம் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. மூன்று கடிதம் எழுதினேன், யாரும் வரவில்லை. பிள்ளைகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நோட்டில் அதைப் படமாக வரைந்தார்கள். எலக்ட்ரீஷியன் படிக்கும் பிள்ளைக்குப் பழுதான இன்வெர்ட்டரைப் போல ஒரு பாடப்புத்தகம் கிடையாது. அந்தப் புத்தகம் எங்கள் கண்ணெதிரில் இருந்தது, திறந்து பார்க்கத்தான் முடியவில்லை. இன்றைக்கும் அந்தப் பூட்டை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே முதலில் சாவியைக் கேளுங்கள். கொண்டுவரும் கருவி பள்ளியின் சொத்தா, பழுதானால் உங்கள் ஆசிரியரும் மாணவர்களும் அதைப் பிரிக்கலாமா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. நாற்பது பிள்ளைகள், ஒரு கருவி, ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடத்தில் ஒரு வயர் முனையைச் சீவி, திருகை இறுக்கிப் பழக முடியாது. “ஓராண்டில் ஒரு மாணவரின் கை எத்தனை மணி நேரம் வேலையில் இருக்கும்?” என்று கேளுங்கள், பதிலை எண்ணாக வாங்குங்கள். இத்தனை பள்ளிகள், இத்தனை ஆயிரம் மாணவர்கள் பயன்பெற்றார்கள் என்ற எண்ணை அவர்களே தருவார்கள். அது அவர்களுடைய ஆண்டறிக்கைக்கு வேண்டியது. உங்களுக்கு வேண்டியது கை படும் நேரம்.

வருகிறவர் யார் என்றும் கேளுங்கள். மாடியில் ஏறிப் பேனல் பொருத்துகிறவர், இன்வெர்ட்டர் பழுதுபார்க்கிறவர், இவர்களில் ஒருவர் மாதம் இரண்டு நாள் வகுப்பில் நிற்க வேண்டும். அவருக்கு மேடைப்பேச்சு வராமல் இருக்கலாம். எர்த் சரியில்லாத வீட்டில் தனக்கு ஷாக் அடித்த கதையை அவர் சொன்னால் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

அதைவிட முக்கியமாக, உங்கள் இயற்பியல் ஆசிரியரைக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அவர்களுடைய வேலையிடங்களுக்கு அனுப்பக் கேளுங்கள். கம்பெனி ஆள் அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். உங்கள் ஆசிரியர் இன்னும் பல ஆண்டுகள் கற்பிப்பார். அவருக்குப் போய்ச் சேரும் அறிவு பள்ளியிலேயே தங்கும். கூட்டு முயற்சி என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்த கம்பெனிகளின் பெயர்தான் அந்தப் பள்ளிகளில் இன்னும் நிற்கிறது.

புதுப் பொருள்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். உடைந்த பேனல், எரிந்த ஸ்டார்ட்டர், காயில் கருகிய மோட்டார், கழற்றிப்போட்ட பழைய மீட்டர் எல்லாம் அவர்கள் கிடங்கில் கிடக்கும். ஒரு வண்டி நிறையக் கேளுங்கள். புதிய கருவியைப் பிள்ளைகள் தொட அஞ்சுவார்கள், நாமும் தொடவிடமாட்டோம். பழையதை அக்கக்காகப் பிரிப்பார்கள்.

பாதுகாப்பில் மட்டும் ஒரு துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பேனல் ஏறத்தாழ 40 வோல்ட் தரும். பத்துப் பேனலைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வெயில் இருக்கும்வரை பேனல் பக்கத்து மின்னழுத்தத்தை எந்தச் சுவிட்சாலும் போக்க முடியாது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் தீப்பொறி அறுபட வழி உண்டு. டி.சி.யில் பொறி பிடித்தால் இழுத்துக்கொண்டே எரியும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் சோலார் பயிற்சி என்று யார் நடத்தினாலும் நிறுத்திவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை அபாயமான தொழிலில் ஈடுபடுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களையும் காக்கிறது. பயிற்சி தரையில், ஒற்றைப் பேனலில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க நடக்கட்டும். ‘களப்பயிற்சி’ என்று சொல்லி யாருடைய மாடியிலும் அவர்களை ஏற்ற வேண்டாம்.

உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு, ஐயா. கம்பெனி ஆள் வருகிற நாளில், கணக்குப் பாடம் முடியவில்லை என்று அந்தப் பாடவேளையை எடுத்துக்கொண்டால் எந்த ஒப்பந்தமும் நிலைக்காது. கால அட்டவணையில் நிரந்தரமாக இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். மூன்றாம் ஆண்டில் யார் வருவார், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே எழுதி வாங்கிவிட்டு விழாவை நன்றாக நடத்துங்கள். பிள்ளைகளுக்கு லட்டும் கொடுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். ‘எரிசக்தித் துறையில் நிறைய வேலை வரப்போகிறது’ என்று எங்கள் பள்ளிக்கு வந்த ஒருவர் பேசினார். என்ன வேலை என்று சொல்லவில்லை. நான் எதைப் படிப்பது?
– மாணவர், பட்டுக்கோட்டை

பதில்: தம்பி, 2018 நவம்பர் 16 உனக்கு நினைவிருக்கும். சின்னப் பையனாக இருந்திருப்பாய். கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, உங்கள் ஊர்த் தென்னைகளைச் சாய்த்த இரவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள். பல நாள் இருட்டுக்குப் பிறகு உங்கள் தெருவில் விளக்கு எரிந்தபோது யாரை நன்றியோடு பார்த்தாயோ, அவர் செய்ததுதான் இந்தத் துறையின் முதல் வேலை. கம்பத்திலிருந்து பின்னோக்கி நடந்து பார். டிரான்ஸ்பார்மர், துணைமின் நிலையம், உயரழுத்தக் கம்பி, மின்நிலையம், அதற்கு எரிபொருளோ காற்றோ வெயிலோ தரும் இடம். ஒவ்வொன்றிலும் ஐ.டி.ஐ. படித்தவர், டிப்ளமோ படித்தவர், பொறியாளர் என்று மூவரும் இருப்பார்கள்.

நீ அறிவியல் பிரிவு என்றால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதை முடித்து, பொறியியல் கல்லூரியிலும் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உனக்கு உண்டு. எதில் சேர்ந்தாலும், இந்த ஆண்டே உன் வீட்டு மீட்டரிலிருந்து சுவிட்சு வரை கம்பி எப்படி வருகிறது என்று ஒரு தாளில் வரைந்துவிடு. வரைந்து முடிக்கிற வரை கேள்வி வந்துகொண்டே இருந்தால் இது உனக்கான துறை.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ‘பொம்பளைப் பிள்ளை போஸ்ட் மரம் ஏறுவதா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், வலங்கைமான்

பதில்: சகோதரி, 1980-இல் என் அம்மாவிடமும் இதே கேள்வியை இதே சொற்களில் கேட்டார்கள்.

என் அப்பா மன்னார்குடியில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கடையில் எப்போதும் வார்னிஷ் வாடை. நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் இரண்டு மாதம் எனக்கு வருகைப் பதிவேடு எழுதுகிற வேலையைத் தவிர வேறு எதுவும் தரவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை; எனக்கு அடிபட்டுவிடும் என்ற பயம். அப்பா அதைக் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு கடையில் ஒரு ஐந்து எச்.பி. மோட்டாரை என் முன்னால் வைத்தார். காயிலைப் பதிக்க முப்பத்தாறு ஸ்லாட். ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்றச் சொன்னார். இரண்டு இடத்தில் எண்ணிக்கை பிசகியது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன். நான்காம் நாள் இரவு அந்த மோட்டார் முனகாமல் ஓடியது. மறுநாள் வகுப்பில் பதிவேட்டை வைத்துவிட்டு ஸ்பேனரைக் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் பயத்தை நான் தள்ளிப்பேச மாட்டேன். ஆனால் எலக்ட்ரீஷியன் என்றால் கம்பம் ஏறுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். துணைமின் நிலையத்தில் மீட்டர் பார்ப்பது, மீட்டர் சோதனைக்கூடம், கன்ட்ரோல் பேனல் இணைப்பது, மோட்டார் ரீவைண்டிங், சோலார் அமைப்பைக் கணக்கிட்டு வரைவது எல்லாம் இந்தப் படிப்பிலிருந்து கிளைப்பவை. நம் பகுதியில் திருமக்கோட்டையில் 107.88 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது, குத்தாலத்தில் 101 மெகாவாட்டில் இன்னொன்று. அங்கெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கருவிகளின் அளவைப் படிக்கிற கண்தான் வேண்டும். அதற்கு ஆண் கண், பெண் கண் என்று கிடையாது. கம்பம் ஏறத்தான் அவளுக்கு ஆசை என்றால், அதற்கும் கயிறும் பெல்ட்டும் பயிற்சியும் உண்டு.

படிப்பு இரண்டு ஆண்டு. அரசு நிலையத்தில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். நீடாமங்கலம், கொரடாச்சேரி, தஞ்சாவூர் மூன்றுமே உங்களுக்குப் பஸ் தூரம்தான்.

ஒன்றை மட்டும் நீங்கள் விடாமல் கேட்க வேண்டும். படிப்பின்போது கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, கடைசி பஸ்ஸுக்கு முன் விடுவார்களா, அவள் அளவுக்குக் கையுறையும் ஷூவும் தருவார்களா என்று போய்ப் பாருங்கள். கையுறை பெரிதாக இருந்தால் விரல் நழுவும், அதுவும் ஆபத்துதான். நாலைந்து முறை என் மாணவிகளுக்காகச் சின்ன அளவு கையுறைக்குச் சண்டை போட்டிருக்கிறேன். ‘பெண்களை வரவேற்கிறோம்’ என்று பலகை வைத்த இடத்தில்கூட சின்ன அளவு ஸ்டாக்கில் இல்லை.

உங்கள் மகளை என்னிடம் பேசச் சொல்லுங்கள். இதழ் அலுவலகம் வழியாக எழுதினால் என் கைக்கு வரும்.

கேள்வி: ஒருநாள் தொழிற்சாலைச் சுற்றுலாவால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏதாவது பயன் உண்டா?
– ஆசிரியை, சீர்காழி

பதில்: உண்டு, போகும் முன் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதிக்கொண்டு போனால். ஒருமுறை திருச்சியில் பெல் கொதிகலன் ஆலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்த கேள்வி: ‘இத்தனை குழாயில் ஒன்றில் மட்டும் ஓட்டை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ அழைத்துச் சென்றவர் நின்றுவிட்டார். திட்டமிட்ட சுற்றை விட்டுவிட்டு, பற்றவைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் முறையை அரைமணி நேரம் விளக்கினார். மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு மறந்துபோயிருக்கும். அது மறக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கேள்விக்குக் கிடைத்த பதிலைச் சொல்ல வையுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 71. மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதிர்ப்பில் கறுப்புக்கொடி பிடித்து வயலில் நின்றவன். இப்போது எண்ணெய், எரிவாயுத் தொழிலில் உள்ள ஒரு நிறுவனம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஆய்வகம் கட்டித் தருகிறேன், பிள்ளைகளுக்கு எரிசக்திப் பயிற்சி தருகிறேன் என்கிறது. வாங்கலாமா? ஊரில் இரண்டு கட்சியாக நிற்கிறோம்.
– விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை நான்கு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். உங்கள் ஊரில் உள்ள இரண்டு கட்சியும் என் மனத்திலும் இருக்கிறது.

முதலில் நிலவரம். 2020 பிப்ரவரியில் நம் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றுக்குப் புதிதாகத் துளையிட டெல்டாவில் அது தடை போட்டது. உங்களைப் போன்றவர்கள் வெயிலில் நின்றதால் வந்த சட்டம் அது. ஆனால் முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. நரிமணத்திலும் கமலாபுரத்திலும் அடியக்கமங்கலத்திலும் எண்ணெய்க் கிணறு தோண்டியது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை. பனங்குடி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1993-இல் வந்தது. அந்தத் தொழில் நம்மோடுதான் இருக்கிறது.

அடுத்து, அந்தப் பணம் தானமில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஓராண்டில் 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 1000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்குகிற வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எனவே உங்கள் ஊர் தலைகுனிந்து வாங்க வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து நிபந்தனை பேசலாம்.

என் முடிவைச் சொல்கிறேன். வாங்குங்கள், அண்ணா. காரணம் இதுதான். அன்றைக்கு அதிகாரிகள் ஊருக்கு வந்து ஆயிரக்கணக்கான அடி ஆழம், இரும்புக் குழாய் உறை, சிமென்ட் பூச்சு, நிலத்தடி நீரடுக்கு என்று பேசியபோது, நம் பக்கத்திலிருந்து “அந்தச் சிமென்ட் பூச்சு விரிசல் விட்டால் எந்த அடுக்கில் கசியும்?” என்று கேட்க எத்தனை பேர் இருந்தோம்? நானும் கூட்டத்தில்தான் இருந்தேன். மோட்டார் தெரிந்த எனக்கே அது புரியவில்லை. நிலவியல் படித்த ஒரு பெண், எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த ஒரு பையன், நம் ஊரில் பிறந்து நம் வாய்க்கால் தண்ணீரில் குளித்தவர்கள், அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றிருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். அந்த அறிவு அவர்களிடம் மட்டும் இருப்பதுதான் நமக்கு ஆபத்து. பயன்படுத்தி முடித்த கிணறுகளை மூடி, நிலத்தை மறுபடி விவசாயிக்குக் கொடுப்பது என்பதும் தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலைதான். அதைச் சரியாகச் செய்தார்களா என்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

நிபந்தனைகளில் கறாராக இருங்கள். பாடத்தைத் தீர்மானிப்பது ஆசிரியர்கள். கம்பெனி தன் தொழிலை விளக்கலாம், அதன் தீமையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் பதிலும் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் முதலில் வாங்க வேண்டியது தண்ணீரின் உப்புத்தன்மையை அளக்கும் கருவி. ஊரிலுள்ள கிணறு, போர், குளம் எல்லாவற்றின் தண்ணீரையும் மாதம் ஒருமுறை பிள்ளைகள் அளந்து நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டைப் பஞ்சாயத்தில் எல்லாரும் பார்க்க வையுங்கள். இதற்குச் சம்மதிக்காத கம்பெனி என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எரிசக்தி என்றாலே மண்ணுக்கடியில் இருப்பது என்று நம் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்து நெல் அவிக்கிற கொதிகலன் நம் அரிசி ஆலைகளில் இருக்கிறது. உமியின் வெப்பத்தை எப்படி அளப்பது, சாம்பலை என்ன செய்வது, வைக்கோலை வயலிலேயே எரித்துவிடாமல் எரிபொருளாக்க முடியுமா, இதெல்லாம் நம் மண்ணின் பாடம். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கென்று 1967-இல் திருவாரூரில் தொடங்கிய சிறிய ஆய்வகம்தான் இன்று தஞ்சாவூரில் தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அந்தப் பக்கமும் உங்கள் பள்ளி ஒரு கடிதம் எழுதட்டும்.

கேள்வி: கும்பகோணத்தில் சோலார் பொருத்தும் தொழில் செய்கிறேன், ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். நல்ல ஆள் கிடைப்பதில்லை. கற்றுக்கொடுத்தால் ஆறு மாதத்தில் கோயம்புத்தூர் போய்விடுகிறார்கள். என்னைப் போன்ற சிறியவன் ஐ.டி.ஐ.யோடு சேர முடியுமா, இல்லை இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானா?
– தொழில்முனைவர், கும்பகோணம்

பதில்: தம்பி, உங்களுக்காகவே வழி இருக்கிறது. தொழில் பழகுநர் (அப்ரெண்டிஸ்) சட்டம் 1961-இலேயே வந்தது. இப்போதைய விதிப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் முதல் இருக்கும் சிறிய இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். நீங்கள் அதில் வருகிறீர்கள். 2016-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. ஒரு பழகுநரோடு தொடங்குங்கள்.

டெல்டாவில் உங்களுக்குத் தொழில் குறையாது. வீட்டுக் கூரைக்கு மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று 2024-இல் வந்த திட்டத்தால் தெருவுக்குத் தெரு கேட்கிறார்கள். ஆள் தங்காததுதான் உங்கள் குறை. அதைப் பற்றி என் மாணவர்கள் சொன்னதையே சொல்கிறேன். ‘கோயம்புத்தூரில் நூறு ரூபாய் கூட’ என்று போனவர்கள் சிலர்தான். ‘இங்கே மூன்று வருஷமாகப் பேனல் தூக்கத்தான் விட்டார்கள், இன்வெர்ட்டரைத் தொடவிடவில்லை’ என்று போனவர்கள் பலர். முதல் ஆறு மாதத்திலேயே இன்வெர்ட்டர் இணைப்பு வரை கற்றுக்கொடுங்கள். கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு நீங்களே விண்ணப்பக் கட்டணம் கட்டி, படிக்க மாலையில் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்படியும் போனால் போகட்டும். உங்களிடம் பழகியவன் என்று ஊரெல்லாம் நான்கு பேர் சொல்வார்கள், அடுத்த பையனை அவனே அனுப்பிவைப்பான். என் அப்பா கடையிலிருந்து போனவர்கள் மட்டும் பதினோரு பேர். அத்தனை பேரும் பொங்கலுக்கு வந்து நின்றார்கள்.

கேள்வி: திருவையாற்றிலிருந்து வந்து ஹூஸ்டனில் எண்ணெய்த் துறையில் வேலை பார்க்கிறேன். இங்கே எரிசக்திக்கென்றே ஒரு உயர்நிலைப் பள்ளி நடக்கிறது. நிறுவனங்களும் பள்ளியும் சேர்ந்து செய்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒன்று வருமா? நான் என்ன செய்யலாம்?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது 2013-இல் ஹூஸ்டன் பள்ளி மாவட்டம் தொடங்கிய எரிசக்திப் பள்ளி என்று நினைக்கிறேன். எண்ணெய்த் தொழிலின் தலைநகரத்தில், பொறியாளர் வேலைவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் பள்ளி இருக்கிறது. அது அந்த ஊரின் வசதி. நமக்கு அப்படியே பொருந்தாது.

நமக்கு வேறு வசதி உண்டு. தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அதில் அடிப்படை மின் பொறியியல் ஒரு பாடம். எனக்குத் தெரிந்த இரண்டு பள்ளிகளில் அந்தப் பாட ஆசிரியர் ஓய்வுபெற்றதோடு அந்தப் பிரிவே நின்றுபோனது. பணிமனையில் இப்போது உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. புதிய பள்ளி கட்ட வேண்டாம், தம்பி. அந்தப் பணிமனையின் கதவைத் திறந்தாலே போதும். அதற்கு ஒரு ஆசிரியரின் சம்பளமும் பக்கத்து ஊர் நிறுவனம் ஒன்றின் மாதம் இரண்டு நாளும் வேண்டும். இதைத்தான் நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து எழுதியும் பேசியும் வருகிறேன்.

நீங்கள் செய்யக்கூடியதைக் கேட்டீர்கள். பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது பிறகு. ஜனவரியில் தியாகராஜர் ஆராதனைக்கு ஊருக்கு வருவீர்கள் இல்லையா? ஒருநாள் முன்னதாக வாருங்கள். நீங்கள் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு காலை முழுவதும் இருங்கள். துளையிடும்போது ஆழத்திலிருந்து எடுக்கும் பாறைத் துண்டு கைப்பிடி அளவில் ஒன்று கிடைத்தால், அனுமதி வாங்கி எடுத்துவாருங்கள். அதைக் கையில் வாங்கி, மோந்து பார்த்து, நகத்தால் சுரண்டி, ‘இதற்குள் எண்ணெய் எங்கே இருக்கிறது, சார்?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். தமிழிலேயே பதில் சொல்லுங்கள். தேதியை எனக்கு முன்கூட்டி எழுதுங்கள். நானும் பஸ் பிடித்து வந்து பின் பெஞ்சில் உட்காருகிறேன்.